சாமி குடிக்க மாட்டார்

எங்கள் வீட்டில் வருஷத்தில் ஒரு மண்டலம் மட்டும்தான் வாசல் கதவைத் திறந்து போட்டுக்கொண்டு நான் சமைத்தது. கார்த்திகை பிறந்ததும் என் வீட்டுக்காரர் சபரிமலைக்கு மாலை போட்டுவிடுவார். கறுப்பு வேட்டி, நெற்றி நிறையச் சந்தனம், காலில் செருப்பு கிடையாது, ஒரு சொட்டுக் குடி கிடையாது. மற்ற நாட்களில் வாடையும் வசவும் தெருவுக்குப் போகக் கூடாதென்று கதவைச் சாத்தியே வைத்திருப்பேன். மாலை போட்டுவிட்டால் கதவு அகலத் திறந்திருக்கும். எதிர்வீட்டுக்காரிகள் எட்டிப் பார்த்து, "சாமி சாப்பிட்டாச்சா?" என்று கேட்பார்கள். பதில் சொல்லும்போது என் குரலே மாறிவிடும். திமிர் என்றே வைத்துக்கொள்ளுங்கள். வருஷம் முழுக்கக் குனிந்து நடந்த எனக்கு நிமிர்ந்து நிற்க வேறு நாள் ஏது?

தொண்ணூறுகளின் பிற்பாதி அது. திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தோம். நான், அவர், மூன்றாம் வகுப்புப் படிக்கிற ஒரு பெண்பிள்ளை. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம். அந்தக் கடைத்தெருவில் ஜவுளிக்கடை வைத்திருந்தது அவருடைய அண்ணன். எனக்கு அத்தான். அந்தக் கடையில் துணி அளந்து கிழித்துக் கொடுக்கிற மேசை என் வீட்டுக்காரருடையது. அத்தான்தான் எங்கள் கூட்டத்துக்குக் குருசாமியும். பல தடவை மலைக்குப் போய்வந்தவர், மற்றவர்களுக்கு மாலை போட்டுவிடுகிறவர். கடையில் முதலாளி, வீட்டில் மூத்தவர், விரதத்தில் குருசாமி. மூன்று பக்கமும் அவரே இருந்தால் எதிர்த்து ஒரு வார்த்தை பேச எந்தப் பக்கம் போவது?

தம்பி சாயங்காலம் கடை அடைத்ததும் கொஞ்சம் எடுப்பான் என்று அத்தானுக்குத் தெரியும். அதற்கு மருந்து மாலை என்பது அவர் கணக்கு. "வருஷத்துக்கு ஒருக்க ரத்தம் சுத்தமாயிரும்லா" என்பார். ஆனால் அந்த வருஷம் ஓணத்துக்குப் பிறகு இவருக்குக் காலைக் குடி தொடங்கியிருந்தது. அது எனக்கு மட்டும்தான் தெரியும். எழுந்ததும் கை நடுங்கும். தம்ளரைப் பிடிக்க முடியாது. அடுக்களையில் அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்திருக்கிற பிராந்தியில் ஒரு வாய் போனால் கை நின்றுவிடும். அப்புறம் கிராம்பை மென்றுகொண்டு கடைக்குக் கிளம்புவார். மத்தியானம் சோற்றுக்கு வரும்போது இன்னொரு வாய். கடையிலும் சுருட்டி வைத்த துணித் தான்களுக்கு நடுவே ஒரு பாட்டில் படுத்திருக்கும். கோணல் இல்லாமல் துணி கிழிக்கிற கை என்று கடைத்தெருவில் அவருக்குப் பெயர். அந்தக் கை எதனால் நிற்கிறது என்று எனக்குத் தெரியும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலையை நான்தான் தினமும் செய்துகொண்டிருந்தேன்.

மாலை போட்டது பழவங்காடிப் பிள்ளையார் கோவிலில். தேங்காய் உடைத்துவிட்டு வரிசையாக நின்றார்கள். இவர் அன்று விடியற்காலையிலிருந்தே ஒன்றும் தொடவில்லை. கும்பிட்ட கை ஆடியது. அத்தான் மாலையைக் கழுத்தில் போட்டுவிட்டு, கண் கலங்கி என்னைப் பார்த்து, "பாத்தியாம்மா, பக்தியில நடுங்குதான்" என்றார். நானும் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். என்ன நடுக்கம் என்று தெரிந்த ஒரே ஆள், நான், கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

மறுநாள் முழுக்க வேர்வை. குடித்த கஞ்சி வெளியே வந்தது. தூக்கம் இல்லை. அத்தான் வந்து பார்த்து, "ஐயப்பன் சோதிக்காரு, தாங்கிக்கிடணும்" என்று திருநீறு பூசிவிட்டுப் போனார். அவர் போனதும் இவர் அடுக்களை நிலைப்படியில் வந்து நின்றார். விரத காலத்தில் நாங்கள் தொட்டுப் பேசுவதில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டே, "ஏட்டி, ஒரு மூடி மட்டும். மருந்துன்னு நெனச்சுத் தா" என்றார்.

எனக்கு வந்த கோபம் கொஞ்சமா? "கழுத்துல என்ன கெடக்குன்னு ஒருக்கக் குனிஞ்சு பாருங்க" என்று கத்தினேன். அரிசிப் பானைக்குப் பின்னாலிருந்த பாட்டிலை எடுத்து, அவர் பார்க்கப் பார்க்கப் பாத்திரம் கழுவுகிற அங்கணத்தில் கவிழ்த்தேன். அவர் தண்ணீர் போகிற ஓட்டையையே பார்த்துக்கொண்டு நின்றார். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். அன்று சாயங்காலம் எதிர்வீட்டில் போய் உட்கார்ந்து, சாமிக்குக் கொஞ்சம் மேலுக்குச் சரியில்லை, ஆனாலும் விரதம் விடவில்லை என்று பெருமையாக வேறு சொன்னேன்.

அதற்கடுத்த நாள் கடையில், மேசைக்குப் பக்கத்திலேயே வலிப்பு வந்து விழுந்தார். கடைப்பையன்கள் சாவிக்கொத்தைக் கையில் திணித்திருக்கிறார்கள். நான் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்போது இரண்டாவது வலிப்பும் வந்து, ஐ.சி.யூ.வுக்குள் கொண்டுபோயிருந்தார்கள். வெளியே வராந்தாவில் அத்தானும், மாலை போட்ட கூட்டம் மொத்தமும் கறுப்பு வேட்டியோடு நின்றார்கள். என்னைக் கண்டதும் சரணம் சொன்னார்கள்.

டாக்டர் ஒரு சின்ன வயசுப் பெண். மலையாளி, ஆனால் தமிழ் நன்றாகப் புரியும். தலையில் அடிபட்டதா, காய்ச்சல் இருந்ததா, முன்னால் வலிப்பு வந்ததுண்டா என்று கேட்டுக்கொண்டே வந்து, "மத்யபிக்குமோ?" என்றாள். குடிப்பாரா என்று. அத்தான் சட்டென்று, "டாக்டரே, மாலயிட்டிருக்கு. சாமியாணு" என்றார். சுற்றி நின்றவர்கள் முகம் சுளித்தார்கள். மாலை போட்ட ஆளைப் பார்த்து இப்படியும் கேட்பாளா என்கிற சுளிப்பு. அவள் என்னைப் பார்த்தாள். நான் இல்லையென்று தலையாட்டினேன்.

அவள் விடவில்லை. என்னை மட்டும் உள்ளே அழைத்து, கதவைச் சாத்திவிட்டுக் கேட்டாள். "சேச்சி, இதிப்போ நம்ம ரெண்டு பேரு மட்டும். சேட்டன் குடிக்குமா?"

கதவுக்கு அந்தப் பக்கம் குருசாமி நிற்கிறார். கழுத்தில் துளசி மாலையோடு ஒருத்தர் கட்டிலில் கிடக்கிறார். அவரைப் பற்றி அப்படிச் சொன்னால் என் நாக்கு அழுகிவிடும் என்று நான் நிஜமாகவே நம்பினேன். அதைவிடப் பெரிய காரணமும் இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். வெட்கம். வருஷத்தில் எனக்குக் கிடைக்கிற அந்தக் கொஞ்ச நாள் மரியாதையை என் வாயாலேயே கொட்டிக் கவிழ்க்க மனசு வரவில்லை. "சாமி குடிக்க மாட்டார்" என்றேன். மாலை போட்ட பிறகு தொடவில்லையே, அப்படியானால் பொய் இல்லையே என்று எனக்கு நானே நியாயமும் பேசிக்கொண்டேன்.

அவள் நம்பிவிட்டாள். நம்பாமல் என்ன செய்வாள்? மூளைக் காய்ச்சலாக இருக்கும் என்று முதுகுத்தண்டில் ஊசி போட்டு நீர் எடுத்தார்கள். அவரைச் சுருட்டி வளைத்துப் பிடிக்க நாலைந்து பேர் வேண்டியிருந்தது. அதற்கென்று ஏதேதோ மருந்து ஏற்றினார்கள். எல்லாம் நான் சொன்ன ஒரு வாக்கியத்துக்காக. அவருக்குக் காய்ச்சல் ஏறியது, நெஞ்சு படபடவென்று அடித்தது, கட்டிலை விட்டு இறங்கி ஓடப் பார்த்தார். துணியால் கையைக் கட்டிப் போட்டார்கள். கழுத்தில் ஊசி போட வேண்டும், மாலையைக் கழற்றுங்கள் என்று நர்ஸ் சொன்னபோது அத்தான், "மலைக்குப் போயிட்டு வராம அதை எடுக்கப்பிடாது" என்று கும்பிட்டுக் கெஞ்சினார். அவர்களும் பாவம், மாலையை ஒரு பக்கமாக ஒதுக்கி பிளாஸ்டர் ஒட்டி வைத்தார்கள்.

மறுநாள் காலையில் எங்கள் இரண்டு பேரையும் உள்ளே விட்டார்கள். டாக்டர் கட்டில் பக்கத்தில் நின்றிருந்தாள். விடிய விடிய நின்ற முகம். "எடுத்த நீரில் ஒன்றும் இல்லை. தலை ஸ்கேனிலும் இல்லை. காரணம் தெரியாமல் ஆள் கையை விட்டுப் போகிறார்" என்று மலையாளத்தில் சொன்னாள். அத்தான் வாய்க்குள் சரணம் முணுமுணுத்தார். ஊசியை மாற்றுவதற்காக நர்ஸ் ஒரு நிமிஷம் இவர் கைக்கட்டை அவிழ்த்தாள்.

கை விடுபட்டதும் அவர் போர்வையைப் பிடித்தார். ஓரத்தைத் தேடி எடுத்து, இரண்டு கையாலும் இழுத்து, நீவி, அளக்கத் தொடங்கினார். மீட்டர் கம்பு இருப்பது போலவே. ஒன்று, இரண்டு என்று எண்ணினார். பல்லால் ஓரத்தைக் கடித்து ஒரு வெட்டு வைத்து, கிழிக்கிற மாதிரி இரண்டு கையையும் விரித்தார். மடித்து நீட்டினார். என்னைப் பார்த்தார். என்னை அவருக்குத் தெரியவில்லை.

"எடுத்துக்கோங்க அக்கா, சாயம் போவாது. போனா கொண்டாங்க, மாத்தித் தாறேன்" என்றார். அவ்வளவு மரியாதையாக அவர் என்னிடம் பேசிக் கேட்டதே இல்லை. நான் கையை நீட்டி வாங்கிக்கொண்டேன். வேறு என்ன செய்ய?

அடுத்த தானை விரிப்பதற்கு முன்னால் அவர் இடது பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். வலது பக்கம் பார்த்தார். குனிந்து, கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே கையை விட்டு, எதையோ எடுத்தார். கட்டைவிரலால் மூடியைத் திருகினார். அண்ணாந்து தொண்டையில் கவிழ்த்தார். புறங்கையால் வாயைத் துடைத்து, மூடியைத் திருகி, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, மறுபடியும் போர்வையை நீவத் தொடங்கினார். கையில் ஒன்றும் இல்லை. ஆனால் அந்த அறையில் இருந்த எல்லோரும் பாட்டிலைப் பார்த்தோம்.

டாக்டர் அசையாமல் நின்றாள். "எந்தா அது? என்ன செய்யறாரு?"

அத்தான் தொண்டையைக் கனைத்தார். "தீர்த்தம். சாமி தீர்த்தம் குடிக்காரு" என்றார்.

அவர் முகத்தை நான் பார்த்தேன். பொய் சொல்கிற முகம் இல்லை அது. அப்படித்தான் இருக்கவேண்டும் என்று மன்றாடுகிற முகம். இந்த ஒரு தடவை விட்டுவிடேன் என்று கேட்கிற மாதிரி இருந்தது. எனக்கும் விட்டுவிடத்தான் ஆசை. ஆனால் கையை விட்டுப் போகிறார் என்று அவள் சொன்னது காதில் நின்றது.

"தீர்த்தம் இல்ல டாக்டர்" என்றேன். "பிராந்தி."

"என்ன பேசுதே நீ?" என்றார் அத்தான்.

"பிராந்திதான் அத்தான். காலையில எந்திரிச்சதும் வேணும். கை நிக்காது இல்லேன்னா. மத்தியானமும் உண்டு. கடையில தானுக்குள்ள வச்சிருக்காரு. ஓணம் கழிஞ்சதுல இருந்து இப்படித்தான். மாலை போட்ட அன்னைக்கு நிறுத்துனாரு. மறுநாள் கேட்டாரு, நான் கொடுக்கல. ஊத்திட்டேன்."

ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். டாக்டர் என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது பேசியிருப்பேன். அவள் கண்ணை ஒரு தடவை மூடித் திறந்தாள். உடனே திரும்பி நர்ஸிடம் வேகமாக ஏதேதோ ஊசி மருந்துகளின் பெயரைச் சொன்னாள். ஒரு வைட்டமின் ஊசியும் அதில் இருந்தது. நோயைக் கண்டுபிடித்துவிட்ட அவள் குரலில் ஒரு சந்தோஷமும் இருந்தது. எனக்குத் தரைக்குள் போய்விடலாம் போல இருந்தது.

பிறகு அவள் விளக்கினாள். நாள் முழுக்கக் குடியிலேயே ஓடிப் பழகிய உடம்பு, திடீரென்று நிறுத்தினால் மூளை வெறிபிடித்த மாதிரி ஆகிவிடும். நடுக்கம், வேர்வை, வலிப்பு, இல்லாததைப் பார்ப்பது. கவனிக்காமல் விட்டால் சாவு. "நிறுத்துனது நல்லதுதான் சேச்சி. ஆனா ஆஸ்பத்திரியில வச்சு, மருந்து கொடுத்து நிறுத்தணும். வீட்டுல உள்ளவங்க சொல்லலேன்னா நாங்க எங்கேயெல்லாமோ தேடிட்டு இருப்போம்" என்றாள். குடிதான் கொல்லும் என்று இத்தனை வருஷம் கேட்டிருக்கிறேன். நிறுத்தினாலும் கொல்லும் என்று யாரும் சொன்னதில்லை. அங்கணத்தில் பாட்டிலைக் கவிழ்த்தது நான்.

வராந்தாவுக்கு வந்து, சாமிகள் உட்கார்ந்திருந்த பெஞ்சுக்கு எதிர்ப் பெஞ்சில் உட்கார்ந்தேன். அத்தான் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. அந்த நன்றி அவர்மேல் எனக்கு எப்போதும் உண்டு. ஆனால் கொஞ்ச நேரத்தில் ஐ.சி.யூ. கதவு திறந்தது. மருந்துச் சீட்டோடு ஒரு அட்டெண்டர் எட்டிப் பார்த்து, வராந்தா முழுக்கக் கேட்கிற குரலில், "ஆ கள்ளுகுடி கேஸின்டெ ஆளுண்டோ?" என்று கேட்டான்.

குடிகாரர் கேஸுக்கு ஆள் யார் என்று. யாரும் எழுந்திருக்கவில்லை. நானும்தான். அவன் இன்னொரு தடவை கேட்டான். சாமிகள் யாரையோ தேடுவதுபோல் அங்கும் இங்கும் பார்த்தார்கள். மூன்றாவது தடவை கேட்டபோது நான் எழுந்து போய்ச் சீட்டை வாங்கினேன். பெஞ்சுக்கும் கதவுக்கும் நடுவே ஏழெட்டு அடி இருக்கும். அதை நடந்து முடிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது எனக்கு. மானம் கப்பலேறிவிட்டது என்பார்களே, அது ஏறுகிற சத்தம் கேட்காது. வராந்தாவில் சரணம் சொல்லிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டார்கள், அவ்வளவுதான்.

நான் மருந்து வாங்கி வருவதற்குள் அவர்களில் பாதிப் பேர் போய்விட்டிருந்தார்கள். அத்தான் மட்டும் கையையும் காலையும் கழுவிவிட்டு உள்ளே போனார். பிளாஸ்டரைப் பிரித்து, தம்பி கழுத்திலிருந்து மாலையைக் கழற்றினார். ஒரு நிமிஷம் அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். "சொல்லியிருந்தா நான் போட்டிருப்பேனா?" என்று கேட்டார். என்னிடம் கேட்டாரா, மருந்து மயக்கத்தில் கிடந்த தம்பியிடம் கேட்டாரா தெரியவில்லை. பதிலுக்குக் காத்திருக்காமல் போய்விட்டார். அந்த வருஷம் மலைக்கு அவர்கள் இவர் இல்லாமல்தான் போனார்கள்.

நாள் போகப் போகக் காய்ச்சல் இறங்கியது. அடங்கிக் கிடந்தார். டாக்டர் இன்னொரு டாக்டரைக் கூட்டிவந்தாள். மனசுக்குப் பார்க்கிறவராம். எனக்குத் திக்கென்றது. எங்கள் ஊரில் மனசு டாக்டர் என்றால் அடுத்த வார்த்தை ஊளம்பாறை. ஊளம்பாறை என்றால் பைத்தியக்கார ஆஸ்பத்திரி. குடிகாரன் பெண்டாட்டி போதாதென்று பைத்தியக்காரன் பெண்டாட்டியும் ஆகவேண்டுமா என்று மனசு அடித்துக்கொண்டது. அந்த டாக்டர் வயதானவர், நிதானமாகக் கேட்டார். எப்போதிருந்து தூக்கம் குறைந்தது, சாப்பாடு எப்படி, பேச்சு குறைந்ததா, சாகலாம் என்று எப்போதாவது சொன்னதுண்டா. சொல்லியிருக்கிறார். அந்த ஓணத்தன்று இலை போட்டுச் சாப்பிட்டுவிட்டு, "இருந்து என்ன செய்ய" என்றார். குடிக்கிறவன் புலம்பல் என்று நான் இலையை எடுத்துக்கொண்டு போய்விட்டேன். அதையும் டாக்டரிடம் சொன்னேன். சொல்லத் தொடங்கிவிட்டால் பிறகு நிற்கிறதா என்ன?

அவருக்குச் சுயநினைவு வந்தது ஒரு மத்தியானத்தில். கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். இந்தத் தடவை தெரிந்தது. கழுத்தைத் தடவிப் பார்த்தார். மாலை இல்லை.   கையை எடுக்காமலே, "அண்ணனுக்குத் தெரியுமா?" என்றார்.

"தெரியும்."

"கடையில?"

"எல்லாத்துக்கும் தெரியும்" என்றேன். இனி எதை மறைக்க?

உதட்டை நனைத்துக்கொண்டார். கண்ணிலிருந்து தண்ணீர் காதுப் பக்கமாக வழிந்தது. துடைக்கப் போனேன், தலையைத் திருப்பிக்கொண்டார். பிறகு, சுவரைப் பார்த்தபடியே, கேட்கவே பயந்த மாதிரிக் கேட்டார். "பிள்ளைக்கு மட்டும் சொல்லிராத, என்னா? அவளுக்கு ஒண்ணும் தெரியாதுலா?"

அந்த இடத்தில் ஒரு பொய் சொல்லியிருக்கலாம். அதுவரை நான் சொன்ன பொய்களில் எதற்குமே இல்லாத நியாயம் அந்த ஒரு பொய்க்கு இருந்திருக்கும். ஆனால் வலிப்பு வந்த அன்று, நான் ஆஸ்பத்திரிக்கு ஓடும்போது, பிள்ளை என் சேலையைப் பிடித்து நிறுத்திக் கேட்டது எனக்குத் தொண்டை வரை வந்துவிட்டது. அப்பா காலையில குடிக்கிற மருந்தை நீ ஊத்திட்டேல்லாம்மா, அதனாலயாம்மா என்று கேட்டாள். நான் அவளுக்கு ஒரு அடி வைத்துவிட்டுத்தான் ஆட்டோவில் ஏறினேன்.

"அவளுக்கு எப்பவோ தெரியும்" என்று சொல்லிவிட்டேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. போர்வையை மெல்ல மேலே இழுத்தார். நெஞ்சு வரை, தாடை வரை, பிறகு முகத்தையும் மூடிக்கொண்டார். உள்ளே தோள் குலுங்குவது தெரிந்தது. தூரத்து மேசையிலிருந்து நர்ஸ் பார்த்துவிட்டு எழுந்து வந்தாள். "இங்க முகம் மூடக் கூடாது சேட்டா, எங்களுக்குப் பார்க்கணும்" என்று சொல்லிக்கொண்டே போர்வையை இழுத்து இறக்கி, நெஞ்சோடு மடித்து வைத்தாள். நாங்கள் இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வேண்டியதாயிற்று.